இடுப்பு முறிந்த பெரியவர்கள்: கேள்வி பதில்

முதியோர் வார்டில் பல வருடங்களாக வேலை பார்க்கும் மருத்துவர் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குவாரா? படுக்கையில் வைத்தே பார்த்துக்கொள்ளலாமா?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை, ஆபரேஷன் மேஜையைவிடப் படுக்கைதான் ஆபத்து. எலும்பை அப்படியே விட்டால் புரண்டு படுக்கவே வலி விடாது. அசையாமல் கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் விழும். உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த மாதிரித் தொற்றுகளும் இதயக் கோளாறும்தான். வலி குறையவும் எழுந்து உட்காரவுமே ஆபரேஷன் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே வேறு நோயால் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் மட்டும், நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு வலியைக் குறைத்து நிம்மதியாக வைத்துக்கொள்வதைப் பற்றி டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

நூறு பேரில் சுமார் 20 முதல் 30 பேர் முதல் வருடத்துக்குள் இறக்கிறார்கள். சின்ன எண்ணிக்கை இல்லை, மறைக்க மாட்டேன். ஆனால் மீதி 70, 80 பேர் இருக்கிறார்கள். முதல் மூன்று மாதம்தான் மிகக் கடினம். அதே வயதில் எலும்பு உடையாதவர்களைவிட இறப்பு அபாயம் அப்போது 5 முதல் 8 மடங்கு. இடுப்பு முறிவது பெண்களுக்குத்தான் அதிகம், முறிந்தபின் இறப்பது ஆண்களில் அதிகம். மறதி நோய், இதய, நுரையீரல், சிறுநீரக நோய்கள், ரத்தசோகை, ஊட்டமில்லாத உடம்பு எல்லாமே அபாயத்தைக் கூட்டும். என்னிடம் யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, விழுவதற்கு முந்தைய வாரம் அவர் எப்படி நடந்தார் என்றுதான். தானே கடைக்குப் போய்வந்தவரையும் கட்டிலைவிட்டு இறங்காதவரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

கேள்வி: அப்பா ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சில நாள் தள்ளிப்போடலாமா?

நாள்கணக்கில் தள்ளாதீர்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. ஆறு மணி நேரத்துக்குள் செய்தால் என்ன ஆகும் என்று சுமார் 3,000 பேரிடம் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. இறப்பு குறையவில்லை, மனக்குழப்பம் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். ஆஸ்பிரின் என்றால் காத்திருக்கவே வேண்டாம். வார்ஃபரின் என்றால் அதன் வேலையை முறிக்கும் மருந்து உண்டு. எந்த மாத்திரை, கடைசியாக எப்போது போட்டார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: முழு மயக்கமா, முதுகில் ஊசியா?

2021-இல் வந்த பெரிய ஆய்வில் 60 நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மயக்க மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அம்மாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை!

பார்க்கவே மனசு தாங்காது, தெரியும். திடீர்க் குழப்பம் இந்த நேரத்தில் பலருக்கு வரும், பெரும்பாலும் தெளியும். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் இதில் ஏதாவது காரணமாக இருக்கலாம். கண்ணாடியும் காது மிஷினும் போட்டுவிடுங்கள். பகலில் வெளிச்சம், பக்கத்தில் பழகிய முகம் வேண்டும்.

கேள்வி: எப்போது நடக்க வைக்கலாம்?

மறுநாளே. பெரும்பாலானவர்கள் வாக்கர் பிடித்து முழு எடையையும் காலில் ஊன்றலாம். அப்புறம் சாப்பாடு, அதில் புரதம். பழைய நடை எல்லோருக்கும் திரும்புவதில்லை, ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான். அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இன்னொரு பக்கமும் உடையாமல் இருக்க?

இதை வீட்டுக்கு அனுப்பும் அன்றே கேளுங்கள், பல இடங்களில் விட்டுப்போகிறது. வைட்டமின் டி-யைச் சரிசெய்துவிட்டு, எலும்பை வலுவாக்க வருடம் ஒருமுறை போடும் சொலட்ரோனிக் அமில ஊசி இருக்கிறது. இடுப்பு முறிந்தவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில் புது முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வேறு மருந்து பார்க்க வேண்டும். தூக்க மாத்திரையைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கண்புரையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறையில் கைப்பிடியும் இரவு விளக்கும் அவர் வீடு திரும்புவதற்குள் இருக்கட்டும்.