எச்சரிக்கை வரும் முன்பே கேரியர் தரைக்கு வரட்டும்

கேள்வி: இடி இடித்தாலே எங்கள் பூனை கட்டிலடியில் ஒளிந்துகொள்கிறது. அவசரமாக வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் எப்படிப் பிடிப்பது?

பதில்: அந்த நேரத்தில் துரத்தினால் கடிதான் கிடைக்கும். பூனைக்கடி ஆழமாக இறங்கும், சீக்கிரம் சீழ் வைக்கும். பூனையைத் தூக்கிப்போகும் பெட்டியான கேரியரை இன்றே பரணிலிருந்து இறக்குங்கள். மருத்துவரிடம் போகும் அன்று மட்டும் கண்ணில் படும் பெட்டியைப் பூனை நம்பவே நம்பாது. அது படுக்கும் துணியை உள்ளே விரித்து, கதவைத் திறந்தே வையுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலில், சில நாள் கழித்து உள்ளே வையுங்கள். பிறகு, சாப்பிடும்போது சில நொடி கதவைச் சாத்தித் திறங்கள். மிரண்டால் முந்தைய படிக்கே திரும்புங்கள். மேல்பக்கமும் திறக்கும் கெட்டி பிளாஸ்டிக் கேரியர்தான் வசதி.

புயல் எச்சரிக்கை வந்ததும், காற்று கிளம்பும் முன்பே, பூனையை ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கட்டிலடியை அட்டைப்பெட்டிகளால் அடைத்துவிடுங்கள். அப்படியும் மிரண்டால், தடித்த துண்டால் உடம்பு முழுவதும் போர்த்தி, துண்டோடு தூக்கி உள்ளே வையுங்கள்.

கேள்வி: நாய்க்குச் சாப்பாடு வைத்து, கட்டிப்போட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஏறினால் சங்கிலியின் நீளம் வரைதான் அதற்கு உயிர். படகில் ஏற்ற மறுத்தால்கூட அவிழ்த்துவிட்டு, மாடிக் கதவைத் திறந்து வையுங்கள். பல முகாம்களில் விலங்குகளைச் சேர்ப்பதில்லை. எனவே தங்கவைக்க இரண்டு இடங்களை இப்போதே பேசி வையுங்கள். ஒரு வாரத் தீனி, இரண்டு வார மருந்து, தடுப்பூசி அட்டையின் நகல், நீங்களும் நாயும் சேர்ந்திருக்கும் போட்டோ ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். தண்ணீர், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லி. 10 கிலோ நாய்க்கு வாரத்துக்கு 5 லிட்டர் எடுத்தால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப், நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. பதிவில் உங்கள் இப்போதைய மொபைல் எண் இருந்தால்தான் அதனால் பயன்.

கேள்வி: வெள்ளம் வடிந்து திரும்பியபின் பழையபடி அவிழ்த்துவிடலாமா?

பதில்: சில நாள் வாரிலேயே கூட்டிப்போங்கள். பழகிய வாசனைகளை வெள்ளம் கழுவிவிட்டதால் நாய்க்கு வழி தெரியாது. தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். அதை நக்கினாலும், காயத்தில் பட்டாலும் எலிக்காய்ச்சல் வரலாம், மனிதர்களுக்கும் தொற்றும். கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் குளிப்பாட்டுங்கள். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். பட்டினியால் அதன் கல்லீரலில் கொழுப்பு சேரும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.