சட்டை வாங்கினால் சீருடை தானம்: அந்த அட்டையை எப்படிப் படிப்பது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆன்லைனில் ஒரு துணி நிறுவனத்தைப் பார்த்திருக்கிறார். அங்கே ஒரு சட்டை வாங்கினால் ஏழைக் குழந்தை ஒன்றுக்குப் பள்ளிச் சீருடை போய்ச் சேருமாம். சட்டையில் தொங்கும் அட்டையில் நான்கு முத்திரைகள். விலை அவர் வழக்கமாக வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. "நல்லது செய்கிற கம்பெனிக்கு என் காசு போகட்டும் என்று ஆசைதான். ஆனால் இது நிஜமா, இல்லை நான் ஏமாறுகிறேனா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இந்த விலைக்கு வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது, எதில் தொடங்குவது?" என்று எழுதி, அட்டையைப் படம் பிடித்தும் அனுப்பியிருக்கிறார்.

படம் அனுப்பியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் அளவுக்கு மேல் இல்லை என்று சோதித்துப் பார்த்துத் தருகிற முத்திரை. நல்ல விஷயம்தான், ஆனால் அது உங்கள் தோலைப் பற்றிப் பேசுகிறது. தைத்தவருடைய கூலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது எஃப்.எஸ்.சி., அதாவது பொறுப்போடு பராமரிக்கப்படும் காடுகளிலிருந்து வந்த மரம், காகிதம் போன்றவற்றுக்கான முத்திரை. சட்டை பருத்தி, அப்புறம் இது எதற்கு? அந்த அட்டைக்கு! தொங்குகிற அட்டை எந்தக் காகிதத்தில் செய்யப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. மூன்றாவது ஃபேர்டிரேட் பருத்தி முத்திரை. இது கனமான விஷயம். பருத்தி விளைவித்த விவசாயிக்குக் குறைந்தபட்ச விலை உண்டு, அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும் உண்டு, அந்தத் தொகையை எதற்குச் செலவிடுவது என்று விவசாயிகளின் சங்கமே கூடி முடிவு செய்யும். ஆனால் அது பருத்திக் காட்டோடு நிற்கிறது, தையல் ஆலைக்குள் வருவதில்லை. நான்காவது, பச்சை இலையைக் கை தாங்குகிற படம். அது எந்த அமைப்பின் முத்திரையும் கிடையாது, நிறுவனமே வரைந்து போட்டுக்கொண்டது.

ஆக நான்கு முத்திரையில் ஒன்று தோலுக்கு, ஒன்று அட்டைக்கு, ஒன்று விவசாயிக்கு, ஒன்று அலங்காரத்துக்கு. சட்டையைத் தைத்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை.

இதனால் அந்த நிறுவனம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. விவசாயிக்கு நியாய விலை கொடுப்பதே பெரிய காரியம். ஆனால் முத்திரையைப் பார்த்ததும் 'எல்லாம் சரியாக இருக்கும்' என்று நம் மனசு தானாக நிரப்பிக்கொள்கிறது பாருங்கள், அங்கேதான் சறுக்குகிறோம். ஒரு முத்திரை எதைச் சோதித்தது, எங்கே சோதிக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். உதாரணத்துக்கு காட்ஸ் (GOTS) என்ற, இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தி போன்ற இழைகளுக்கான முத்திரை நூல் நூற்பது முதல் தையல் வரை ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கிறது, தொழிலாளர் விதிகளும் அதில் உண்டு. 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்த இழை வேண்டும், 'ஆர்கானிக் இழை கலந்தது' என்று போட 70 சதவீதம் வேண்டும். அதில் உரிம எண் இருக்கும், பொதுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடலாம். தேடினால் வராத எண்ணை நம்பாதீர்கள். பி கார்ப் என்பது இன்னொரு வகை. அது பொருளுக்கு இல்லை, மொத்த நிறுவனத்துக்கும் தருவது. முன்பு பல தலைப்புகளில் மதிப்பெண் போட்டு 80 வந்தால் போதும் என்றிருந்தது. ஒன்றில் நிறைய வாங்கி இன்னொன்றில் கோட்டை விட்டவர்களும் உள்ளே வந்துவிடலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2025-ல் விதியை மாற்றி, ஒவ்வொரு தலைப்பிலும் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

சரி, தொழிலாளரைப் பற்றிய முத்திரை இருந்தால் நிம்மதியாக வாங்கலாமா? இதை எழுதும்போது எனக்குக் கராச்சி ஞாபகம் வருகிறது. 2012 செப்டம்பரில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் எஸ்.ஏ.8000 என்ற சான்று கிடைத்திருந்தது, அதாவது தொழிலாளர் நலனுக்கென்றே உள்ள சான்று.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நான் சில வருடம் ஆலைத் தணிக்கை வேலையில் இருந்தவன், அதனால் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆலைக்குள் நுழைந்தபோது கத்தரிக்கிற பகுதியில் எல்லோரும் கம்பிவலைக் கையுறை போட்டிருந்தார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கிட்டே போனால் கையுறையின் மணிக்கட்டுப் பட்டையில் மடிப்புக் கோடு கூட இன்னும் கலையவில்லை. ஒருவர் அதைக் கழற்றத் தெரியாமல் திணறினார், ஏனென்றால் அன்று காலையில்தான் கொடுத்திருக்கிறார்கள். புகார் எண் எழுதிய போஸ்டர் சுவரில் இருந்தது, அதை ஒட்டிய டேப்பில் தூசி படியவில்லை. சம்பளப் பதிவேட்டில் ஆறு மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் தணிக்கைக்குக் காசு கொடுப்பது ஆலையே, வரும் தேதி முன்கூட்டியே தெரியும், இருப்பதோ ஒன்றிரண்டு நாள். இந்த அமைப்பு மாறாத வரை நல்ல தணிக்கையாளரும் பாதியைத்தான் பார்ப்பார்.

அதனால் நான் முத்திரையைவிட இரண்டு விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நிறுவனம் தன் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடுகிறதா என்பது. ஓப்பன் சப்ளை ஹப் என்ற இலவசத் தளத்தில் எந்த ஆலை எந்த பிராண்டுக்குத் தைக்கிறது என்று தேடலாம். பெயர் வெளியே தெரிந்தால் தொழிற்சங்கமும் பத்திரிகையாளரும் அங்கே போய்ப் பார்க்க முடியும், ஒளித்து வைத்த ஆலைக்கு யார் போவது? இரண்டு, அது ஆலைகளிடம் எப்படி வாங்குகிறது என்பது. பிராண்டு கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றச் சொல்லும், ஆனால் கப்பல் ஏற்றும் தேதியை மாற்றாது. அந்தச் சுமை அப்படியே இறங்கி ராத்திரி ஓவர்டைமாக ஒருத்தியின் தோளில் உட்காரும். 2020-ல் கொரோனா வந்தபோது தைத்து முடித்த ஆர்டருக்கே பணம் தர மறுத்த பிராண்டுகள் இருந்தன, அவற்றின் இணையதளங்களில் நல்ல வார்த்தைகளுக்குக் குறைவே இல்லை.

விலையும் இதைச் சொல்லிவிடாது. ஒன்றரை மடங்கு கொடுத்தால் தைத்தவருக்கு ஒன்றரை மடங்கு போகும் என்று நினைக்காதீர்கள். சட்டையின் விற்பனை விலையில் தையல் கூலி மிகச் சிறிய பங்குதான். மலிவு பிராண்டும் விலை கூடிய பிராண்டும் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் தைக்கப்படுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

இப்போது சீருடை தானத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஒரு நிறுவனம் செய்யும் நல்லது இரண்டு இடத்தில் இருக்கலாம்: பொருளைச் செய்கிற விதத்திலேயே இருக்கலாம், அல்லது விற்று முடித்த பிறகு கொடுக்கிற தானத்தில் இருக்கலாம். முதலாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். தானம் அதற்கு மேல் வருவதாக இருக்க வேண்டும், அதை மறைக்கும் திரையாக இருக்கக் கூடாது. தைக்கிற பெண்ணுக்குச் சரியான கூலி கொடுத்தால் அவளே தன் பிள்ளைக்குச் சீருடை வாங்கிக்கொள்வாள்.

'ஒன்று வாங்கினால் ஒன்று தானம்' என்ற முறையைப் பிரபலமாக்கியது 2006-ல் ஷூ விற்க ஆரம்பித்த டாம்ஸ் நிறுவனம். எல் சால்வடாரில் அந்த ஷூக்களைப் பெற்ற குழந்தைகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்தபோது, குழந்தைகள் ஷூவை விரும்பிப் போட்டார்கள், ஆனால் உடல்நலத்திலோ பள்ளிக்குப் போவதிலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. 'எங்கள் குடும்பத்தின் தேவையை மற்றவர்கள்தான் பூர்த்தி செய்ய வேண்டும்' என்று நினைக்கும் குழந்தைகள் சற்றுக் கூடியிருந்தார்கள். அந்த ஆய்வுக்கு டாம்ஸே ஒத்துழைத்தது, பின்னால் ஒன்றுக்கு ஒன்று முறையை விட்டுவிட்டு லாபத்தில் ஒரு பங்கு கொடுக்கும் முறைக்கு மாறியது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நீங்கள் பார்த்த துணி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: சீருடை எங்கே தைக்கப்படுகிறது? அது போய்ச் சேரும் ஊரிலேயே தையல்காரர் இருக்கும்போது வெளியிலிருந்து மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அவர் பிழைப்பு என்ன ஆகும்? சீருடை இல்லாததுதான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் என்று யார் கேட்டு அறிந்தது?

தானம் பணமாக இருந்தால் இன்னொரு சின்ன வார்த்தையைக் கவனியுங்கள். 'லாபத்தில் 10 சதவீதம்' என்பது லாபமே காட்டாத வருடத்தில் பூஜ்யம். 'விற்பனையில் 1 சதவீதம்' என்பது நஷ்டத்திலும் கொடுத்தாக வேண்டியது. 2002-ல் தொடங்கிய '1 சதவீதம் பூமிக்கு' என்ற அமைப்பு விற்பனையைக் கணக்கில் வைத்தது இதனால்தான்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கம்பெனி தன்னை 'சமூக நிறுவனம்', அதாவது சமூக நன்மைக்கென்றே நடக்கும் தொழில், என்று சொல்லிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடிகிற நாடுகள்தான் அதிகம், ஆனால் சில இடங்களில் அதற்குச் சட்டப் பூட்டு உண்டு. இத்தாலியில் 1991-ல் வந்த சட்டப்படி, வேலை தருவதற்கென்று உள்ள சமூகக் கூட்டுறவுகளில் தொழிலாளர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள், சிறையிலிருந்து வந்தவர்கள் போன்ற, மற்ற இடத்தில் வேலை கிடைக்காதவர்களாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2005 முதல் உள்ள சமூக நலக் கம்பெனிகளில் சொத்தைப் பூட்டி வைக்கும் விதி உண்டு, உரிமையாளர் நினைத்தபோது பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கியை வங்கதேசத்தில் தொடங்கிய முகமது யூனுஸ் சொல்லும் சமூகத் தொழிலில் முதலீட்டாளர் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம், அதற்கு மேல் லாபப் பங்கு கிடையாது. 2022-ல் பேட்டகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தின் நிறுவனர் குடும்பம் வாக்குரிமைப் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கும் மீதியை இயற்கைப் பாதுகாப்புக்கான லாபநோக்கற்ற அமைப்புக்கும் மாற்றி எழுதிக் கொடுத்ததும் இப்படி ஒரு பூட்டுதான். ஆகவே நான் எல்லாக் கம்பெனியிடமும் கேட்கும் கேள்வி: நாளைக்கு உங்களை வேறொரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கினால் இந்த வாக்குறுதி என்ன ஆகும்? எழுத்தில் எங்காவது கட்டிப்போட்டிருந்தால் காட்டுவார்கள்.

எதில் தொடங்குவது என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் இருப்பதில்தான். அலமாரியில் இருப்பதை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடிந்தால் எந்த முத்திரையும் அதற்கு ஈடாகாது. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட கணக்கில், ஒரு சாதாரணப் பருத்திப் பை பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல 52 முறை பயன்படுத்த வேண்டும், இயற்கைப் பருத்தி என்றால் 149 முறை. (மற்ற எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகிறது.) ஆர்கானிக் என்று பெருமையாக இலவசமாகத் தருகிற பைகளை வீட்டில் அடுக்கி வைப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம், எல்லாப் பொருளிலும் ஒரே நேரத்தில் கை வைக்காதீர்கள், களைத்துப் போய் மூன்றாம் மாதம் விட்டுவிடுவீர்கள். திரும்பத் திரும்ப வாங்கும் ஒரே ஒரு பொருளை எடுங்கள், அதை மட்டும் நன்றாகத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். பழைய கம்பெனியைப் புறக்கணிக்கலாமா என்றால், அங்கே வேலை செய்பவர்கள் கேட்காதபோது வேண்டாம். 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, அங்குள்ள தொழிற்சங்கங்கள் பிராண்டுகளை ஓடிப் போகச் சொல்லவில்லை, இருந்து சரிசெய்யச் சொன்னார்கள். அதன் விளைவாகத்தான் இருநூறுக்கு மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன, ஆலைகளைச் சுயேச்சையான பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள், அறிக்கைகள் பொதுவில் வந்தன. வாங்குபவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததும் அந்தக் கையெழுத்துகளுக்கு ஒரு காரணம்.

அதனால் வாங்கும் முன் அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். நீளமாக வேண்டாம்: 'இந்தச் சட்டை எந்த ஆலையில் தைக்கப்பட்டது? அங்கே ஓவர்டைம் இல்லாமல் வாங்கும் சம்பளம் குடும்பம் நடத்தப் போதுமானதா, எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள்? போன வருடம் ஆலையில் நீங்கள் கண்டுபிடித்த குறை என்ன, அதற்கு என்ன செய்தீர்கள்?' மூன்றாவது கேள்விதான் உண்மையில் சோதனை. 'எங்கள் ஆலைகளில் எந்தக் குறையும் இல்லை' என்று பதில் வந்தால் அவர்கள் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்று ஆரம்பித்து இணையதளத்தில் இருக்கும் வாசகங்களையே வெட்டி ஒட்டியிருந்தால் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். ஆலையின் பெயரைச் சொல்லி, சம்பளம் இன்னும் இவ்வளவு குறைகிறது, சாயப்பட்டறை வரைக்கும் நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று ஒருவர் தன் பெயர் போட்டுப் பதில் எழுதினால், சீருடை தானம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சட்டையை வாங்குங்கள்.