சுரங்கக் கழிவில் சீமெந்து செய்ய முடியுமா?

சுரங்கத்தில் தாதுவை எடுத்தபின் ஒதுக்கிவிடும் களிமண்ணைச் சுட்டு, வழக்கமான சீமெந்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்ப்பதுதான் இந்த முறை. இதனால் காபன் வெளியேற்றம் குறையும். ஏனெனில் வழக்கமான சீமெந்து சுண்ணாம்புக்கல்லைச் சுட்டே செய்யப்படுகிறது. காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்காக நம் மண்ணில் தோண்டினார்களே, அதே கல்! தூய கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். புகையில்லாத அடுப்பில் சுட்டாலும் இது தப்பாது.

வெண்களிமண் சுடும்போது விடுவது பெரும்பாலும் நீராவியே. வெப்பமும் வழக்கமான சீமெந்துக்குப்போல 1450 பாகை செல்சியஸ் வேண்டாம், ஏறத்தாழ 800 போதும். புட்டுக்கு மா வறுப்பதுபோலத்தான்: பச்சையாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும், கருகினால் வீண். களிமண்ணுக்கும் அந்தப் பதம் உண்டு. தவறினால் அது வெறும் தூள்.

எந்தச் சுரங்கக் குப்பையையும் அள்ளிக் கொட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஈயம், ஆர்சனிக் கலந்த கழிவைச் சோதிக்காமல் தொடவே கூடாது.