பாய் விரித்துப் பார்க்கும் கூத்து

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பிழைப்புக்காகச் சென்னை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மே மாதம் வந்தால் கீபோர்டு, ஓவியம், நீச்சல் என்று ஏதாவது ஒரு கோடை வகுப்பில் சேர்த்துவிடுவோம். இந்த வருஷம் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா வைத்திருக்கிறார்கள். வைகாசியில் 18 நாள், கூத்தும் உண்டு என்று பெரியப்பா போன் செய்தார். பிள்ளைகளை அழைத்துப் போக எனக்கு ஆசை. மனைவிக்குத் தயக்கம். விடிய விடிய எப்படி உட்காருவார்கள், பாட்டும் வசனமும் அவர்களுக்கு என்ன புரியும், துகிலுரிதல், தீமிதி எல்லாம் இந்த வயதில் காட்டலாமா என்று கேட்கிறாள். சென்னையிலேயே அரங்கத்தில் இரண்டு மணி நேரக் கூத்து நடக்கிறதே, அது போதாதா என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

அவசியம் போங்கள். ஒரு ராத்திரி தலையைக் காட்டிவிட்டுத் திரும்பாமல், கடைசி ஐந்தாறு நாளாவது தங்குகிற மாதிரி லீவு போட்டுக்கொண்டு போங்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

விடிய விடிய அவர்கள் உட்கார வேண்டாம், படுக்கட்டும். நம் வட மாவட்டங்களில் கூத்து பார்ப்பதென்றால் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் இடம் பிடிப்பதுதானே. ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும்பும்போது, கூத்து ஆடும் இடமான களரிக்கு முன்னால் முதல் வரிசை முழுக்கப் பிள்ளைகள்தான் இருக்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர்க்கதையெல்லாம் பேசிச் சிரிக்கவைக்கும் வரை முழித்திருப்பார்கள். அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். முக்கியமான வேஷம் வரும்போது பாட்டியோ அத்தையோ தட்டி எழுப்புவார்: "எழுந்திரு, கர்ணன் வராரு பாரு." கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளை பார்க்கிற அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை அப்படிப் பார்த்து வளர்ந்த யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

வேஷம் வரும் விதத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடுவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், ஆள் தெரியாது. பாட்டு ஏற ஏறக் கால் தரையை உதைக்கும். திரை அசையும், விலகுவது போலிருக்கும், விலகாது. கடைசியில் விலகும்போது சிவந்த முகமும் அகன்ற புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லு மின்னும் மார்புப் பதக்கமும் ஒன்றாக வெளிச்சத்துக்கு வரும். அந்தக் கட்டையெல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த மரம் என்பதால்தான் ராத்திரி முழுக்க அதைச் சுமந்துகொண்டு சுழன்று சுழன்று ஆட முடிகிறது.

என்ன புரியும் என்ற கேள்விக்கு, பாரத விழாவின் ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது. பிற்பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைச் சொல்லி, அதைப் பேச்சுவழக்கில் விரித்து, நடுநடுவே ஊர் நடப்பையும் சேர்த்துக் கதை சொல்வார். பகலில் கேட்ட கதைதான் ராத்திரியில் கூத்தாக வரும். பெரும்பாலான ஊர்களில் முதல் சில நாள் பிரசங்கம் மட்டும்தான், கூத்து பிற்பாதியில்தான் தொடங்கும். உங்கள் மகளைப் பிற்பகலில் பெரியப்பாவோடு பந்தலுக்கு அனுப்பிவிடுங்கள். ராத்திரி தம்பிக்குக் கதை சொல்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொள்வாள்.

இது சித்திரை, வைகாசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. அறுவடை முடிந்திருக்கும், அடுத்த உழவுக்கு மழை வர வேண்டும். ஏரி வற்றிக் கிடக்கும். கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகளோடு தாய்வீடு வந்திருப்பார்கள். நம்மைப் போல வெளியூர் போனவர்களும் அப்போதுதான் வர முடியும். ஊருக்கு நேரமும் ஆளும் சேர்ந்து கிடைக்கிற மாதம் அது. கத்திரி வெயில் கொடுமைதான், மறுக்கவில்லை. பகலில் நுங்கும் மோரும் கொடுத்து நன்றாகத் தூங்கவிடுங்கள். ராத்திரிக் காற்று அவர்களைப் பார்த்துக்கொள்ளும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. போய்ச் சேர்ந்ததும் பெரியப்பாவிடம் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று கேட்டு, உங்கள் பெயரில் கட்டுங்கள். கூத்துக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஆட்டம் பேசுவது, பந்தல், மின்விளக்கு, பூசை, தீக்குழிக்கு விறகு என்று எல்லாம் வீட்டுக்கு வீடு வசூலித்த அந்தப் பணத்தில் நடக்கிறது. வெளியூரில் இருக்கிறோம் என்று வரி கட்டாமல், விழாவுக்கு மட்டும் வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஆள் குறையக் குறையத்தான் 18 நாள் பத்து நாளாகிறது, பத்து நாள் மூன்று நாளாகிறது, ராத்திரிக் கூத்து பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. முடிந்தால் வரிப் பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கட்டவையுங்கள். இந்த விழாவில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

துகிலுரிதலைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டலாம். தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு மரியாதையாகக் களரியில் நடக்கும். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, இந்த வேஷத்துக்காக இதைச் செய்கிறேன், பொறுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொள்வார். பெண்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோகும், சிலருக்கு அருள் வந்துவிடும். ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிடத் தெளிவான வழி உண்டா?

பையனுக்குப் பிடிக்கப்போவது வேறு. பகாசுரன் கதையன்று பீமன் வேஷக்காரர் வண்டியில் தெருத்தெருவாக வருவார், வீட்டுக்கு வீடு சோறு கொடுப்பார்கள். இது எல்லா ஊரிலும் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசை மட்டும் தவறவிடாதீர்கள். உயரமான தபசு மரத்தை நட்டு, அர்ச்சுனன் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு நிற்கும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டிருப்பார்கள்.

கடைசி நாள் காலையில் படுகளம். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய வேஷக்காரர்கள் கலைந்த அரிதாரத்தோடு வெயிலில் வந்து நிற்பார்கள். திறந்த வெளியில் துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாக மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிக்கும் இடத்தில் சிவப்பு நீர் பீறிடும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். பிறகு துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். பகைவனுக்காகவும் ஊர் அழும். அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் வீட்டில் வைப்பவர்களும் உண்டு. செஞ்சிப் பக்கத்து விழாக்களைப் பார்த்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார்.

சாயங்காலத் தீமிதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கயிற்றுக்கு வெளியே, நன்றாகத் தள்ளி நின்று பார்க்கட்டும். வேண்டுதல் என்று யார் கேட்டாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க விடாதீர்கள். பக்தியை நான் மதிக்கிறேன், ஆனால் தடுக்கி விழுந்தால் சுடப்போவது பிள்ளையைத்தான்.

சென்னை அரங்கக் கூத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1977-ல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்ததும், தம்பிரான் நவீன நாடகக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் தமிழ் நாடகத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் இரண்டு மணி நேரத்தில் நீங்கள் பார்ப்பது நடிகரின் திறமையை. ஊரில் பார்ப்பது கர்ணன் சாகும்போது விடிவதை, அழுகிற பாட்டிகளை, விடிந்ததும் அதே கர்ணன் டீக்கடை பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைப்பதை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர் கூடும் என்று நான் எழுதுவது எல்லா ஊருக்கும் பொருந்தாது. விழுப்புரம் அருகே மேல்பாதியில் தலித் மக்களைத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் விட மறுத்து, 2023-ல் கோயிலுக்கே சீல் வைக்கும்படி ஆனது. உங்கள் ஊரில் காலனித் தெருவிலிருந்து வரி வாங்குகிறார்களா, அவர்கள் களரிக்கு முன்னால் எங்கே பாய் விரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். தவறாக இருந்தால் வரி கட்டும்போதே பேசுங்கள். தலைக்கட்டாக இருப்பவர் கேட்டால் அதற்கு எடை உண்டு.

உங்கள் மகள் நிச்சயம் ஒன்று கேட்பாள்: திரௌபதியாகவும் ஏன் ஆம்பளையே ஆடுகிறார்? வழக்கம் அப்படித்தான் இருந்தது, இப்போது மாறிவருகிறது என்று சொல்லுங்கள். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புரூயினும் 2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் தொடங்கிய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்து கற்று, வேஷம் கட்டி ஆடினார்கள். குருகுலம் 2020-ல் மூடப்பட்டாலும் அங்கே பயின்ற பெண்கள் இருக்கிறார்கள். அவளுக்கு ஆர்வம் வந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே வேஷம் போடும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். அரிதாரம் குழைப்பதிலிருந்து கிரீடம் இறுக்குவது வரை பார்க்கலாம். கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்டுவிட்டு, ஓரமாக உட்காரச் சொல்லுங்கள்.