ட்ரயல்ஸ் பைக்: பெற்றோலா, கரண்டா?

படுவான்கரையில் ஒரு நண்பரின் காணிக்குள் தென்னங்குற்றிகளையும் பழைய லொறி டயர்களையும் அடுக்கிவைத்து ஞாயிறு காலைகளில் நாங்கள் ட்ரயல்ஸ் பைக் ஓடத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. பாதிப் பேர் "இது என்ன பைக்" என்கிறார்கள், மீதிப் பேர் "பெற்றோல் நல்லதா, கரண்ட் நல்லதா" என்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ட்ரெயில் பைக்கும் ட்ரயல்ஸ் பைக்கும் ஒன்றுதானே அண்ணா? ஏன் அதில் சீட் இல்லை? (கல்லடி)

ஒன்றில்லை தம்பி. நாங்கள் ட்ரெயில் பைக் என்று சொல்வது வீதியிலும் மண்ணிலும் ஓடக்கூடிய உயரமான வண்டி. ட்ரயல்ஸ் என்பது தனி விளையாட்டு. பாறை, மரக்குற்றி, சேறு, செங்குத்தான ஏற்றம் இவற்றுக்கிடையே நாடா கட்டிப் பிரித்த சிறு துண்டுப் பாதைகள் இருக்கும், அவற்றைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவை என்றால் 2, அதற்குமேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ நாடாவுக்கு வெளியே போனாலோ 5. கடைசியில் குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெற்றியாளர். தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப்போட்டி மாதிரி யார் முதலில் வருவது என்ற பேச்சே இங்கே கிடையாது, பல இடங்களில் நடக்கிற வேகம்கூட இருக்காது.

முழுநேரமும் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும், அதனால் சீட் தேவையில்லை. எடை 65 முதல் 70 கிலோ. தாங்கியில் இரண்டு மூன்று லீற்றர்தான் பிடிக்கும். பின் டயரில் காற்று 4 அல்லது 5 பிஎஸ்ஐ மட்டும். கையால் அழுத்தினாலே உள்ளே போகும் அந்த டயர் பாறையைக் கவ்விப் பிடிப்பதை ஒருமுறை பார்த்தால் ஆளை விடாது.

பழைய ஆட்கள் "சத்தமும் இல்லை, கிளச்சும் இல்லை, கரண்டில் ஓடுவது ட்ரயல்ஸே இல்லை" என்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்? (ஏறாவூர்)

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

இந்தச் சண்டை முதல் தடவை நடப்பதில்லை. 1960களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் ட்ரயல்ஸ் என்றால் பெரும்பாலும் பெரிய, பாரமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிதான். அந்தக் காலத்து ஜாம்பவான் சமி மில்லர் ஓட்டியது 500 சிசி ஏரியல். அவர் அதை விட்டுவிட்டு ஸ்பெயினின் புல்டாகோ கம்பனிக்குப் போய், 250 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றை அவர்களோடு சேர்ந்து உருவாக்கி, 1965இல் ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை வென்றார். அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே பாரமான வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது. அப்புறம் எல்லாரும் "டூ ஸ்ட்ரோக்தான் ட்ரயல்ஸ்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தபோது 2005 அளவில் ஹொண்டாவின் மொன்டேசா ஃபோர் ஸ்ட்ரோக்கோடு திரும்பி வந்தது. ஸ்பெயின் வீரர் டோனி பௌ 2007இலிருந்து உலகப் பட்டங்களை வரிசையாக அள்ளத் தொடங்கியது அந்த ஃபோர் ஸ்ட்ரோக்கில்தான். ஆக, எந்த எஞ்சின் "உண்மையானது" என்று சொன்னவர்கள் ஏற்கெனவே இரண்டு தடவை பிழைவிட்டார்கள்.

இப்போது கரண்ட். உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் 2017இல் மின்சார ட்ரயல்ஸுக்குத் தனிக் கிண்ணம் வைத்தது. யமஹா 2018இல் டிவை-ஈ வண்டியை இறக்கியது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது 2024இல் ஜப்பானில் நடந்தது. 2004இன் உலக சாம்பியன் தகாஹிசா புஜினாமி, போட்டியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர், ஹொண்டாவின் ஆர்டிஎல் என்ற மின்சார வண்டியோடு அகில ஜப்பான் தொடருக்குத் திரும்பி வந்து, பெற்றோல் வண்டிகளோடு ஒரே பிரிவில் ஓடி, முதல் போட்டியிலேயே வென்றார். அதைப் பார்த்த பிறகு "கரண்டால் முடியாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் பழைய ஆட்கள் கிளச் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிவிடக் கூடாது. பெற்றோல் வண்டியில் உயரமான பாறைக்கு முன் நின்று, கிளச்சைப் பிடித்தபடி எஞ்சினை முறுக்குகிறோம். உள்ளே ஃப்ளைவீல் என்ற பாரமான சக்கரம் வேகமெடுத்துச் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கிளச்சை விட்டதும் அத்தனையும் ஒரே அடியாகச் சக்கரத்துக்கு வருகிறது, வண்டி பாய்கிறது. மின்சார மோட்டர் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைத் தரும், உண்மைதான், ஆனால் சேர்த்து வைத்து அடிக்கிற அந்த அடியை மோட்டரால் மட்டும் தர முடியாது. ஆரம்பத்தில் வந்த கிளச் இல்லாத வண்டிகளில் இதுதான் பெரிய குறை. அதனால்தான் பிரான்சின் எலெக்ட்ரிக் மோஷன், யமஹா எல்லாரும் கிளச்சையும் ஃப்ளைவீலையும் மின்சார வண்டிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பெற்றோல் வண்டியின் ஐட்லிங் மாதிரி மோட்டரை மெதுவாகச் சுற்றவிடும் வசதியும் வந்துவிட்டது.

நான் கரண்ட் பக்கம்தான், கிளச் உள்ள கரண்ட். மெதுவான, சின்னத் தூரம் ஓடுகிற, எடை பார்க்கிற இந்த விளையாட்டைப் போல பற்றறிக்குப் பொருத்தமான மோட்டார் விளையாட்டு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. அதோடு ஒழுங்கையில் பக்கத்து வளவுக்காரர் சண்டைக்கு வராமல் நாள் முழுக்கப் பழகலாம். நம்மூரில் இந்த விளையாட்டு வளர வேண்டும் என்றால் அது சின்ன விஷயமில்லை, சத்தம் இல்லை என்றுதான் எங்களுக்கு அந்தக் காணியே கிடைத்தது.

ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடலாம் தம்பி? கரண்ட் போனால் என்ன செய்வது? (கொக்கட்டிச்சோலை)

ஐயா, பெரியவர்கள் ஓட்டும் மின்சார ட்ரயல்ஸ் வண்டிகளில் பற்றறி ஏறக்குறைய 2 முதல் 3 யூனிட் பிடிக்கும், அதாவது உங்கள் மின்பட்டியலில் வருகிற அதே யூனிட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. ஆனால் நாங்கள் ஓட்டுகிற மாதிரி ஓட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட சக்கரத்துக்குப் போய்ச் சேராது, மிச்சமெல்லாம் சூடும் புகையும்தான். மோட்டரில் வீண்போவது மிகக் குறைவு. அதோடு நீங்கள் நிற்கும்போது அதுவும் நிற்கும், ட்ரயல்ஸில் நிற்கிற நேரமும் பாதையை நடந்து பார்க்கிற நேரமும்தானே கனக்க. காலையில் தொடங்கி மதியம் வரை ஆறுதலாகப் பழக ஒரு பற்றறி எங்களுக்குப் போதும். மணலில் இழுத்தால் மட்டும் கெதியாக இறங்கும்.

கரண்ட் போவதைப் பற்றிய உங்கள் பயம் விளங்குகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். ஆனால் அதே வருடம் பெற்றோலுக்கு என்ன நடந்தது? கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வேலைக்குப் போகவே போதாது, விளையாட்டுக்கு எங்கே! பெற்றோலை நாங்கள் வீட்டில் உண்டாக்க முடியாது, கரண்டைக் கூரையில் உண்டாக்கலாம். சூரியப் படல் (சோலார்) உள்ள வீட்டில் பகலில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அது இல்லாத, கரண்டும் ஒழுங்காக வராத உள்ளூரில் இருப்பவருக்கு மட்டும் இன்னும் பெற்றோலைத்தான் சொல்வேன்.

மகனுக்கு 6 வயது. சின்ன பைக் கேட்டு அழுகிறான். பயமாக இருக்கிறது. (அக்கரைப்பற்று)

தங்கச்சி, பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை: கரண்ட். கைபட்டால் சுடுகிற புகைக்குழாய் இல்லை, உதைத்து ஸ்டார்ட் பண்ணத் தேவையில்லை, எஞ்சின் நின்றுபோய்ப் பிள்ளை அழுவதும் இல்லை. ஒசெட் என்ற வகை இதற்காகவே வந்தது, 2022இல் ட்ரயம்ப் அந்தக் கம்பனியை வாங்கியது. சக்கரம் 12.5, 16, 20 அங்குலம் என்று வயதுக்கேற்ற அளவுகளில் வரும். வேகத்தையும் இழுவையையும் பெரியவர்கள் திருகிக் குறைத்துவைக்கலாம்.

ஒரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சத்தம் இல்லாததால் வண்டி உயிரோடு இருப்பது தெரியாது. விழுந்த வண்டியைப் பிள்ளை த்ரொட்டிலை, அதாவது வேகம் கூட்டுகிற கைபிடியைப் பிடித்துத் தூக்கினால் அது பாயும். கைமணிக்கட்டில் கட்டுகிற காந்த நாடா ஒன்று இருக்கிறது, விழுந்ததும் அது கழன்று மோட்டரை நிறுத்திவிடும். அது கட்டாமல் ஒரு நிமிடம்கூட ஏறவிடாதீர்கள். ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்கால் மூடிய சப்பாத்து. சைக்கிளை வடிவாக ஓட்டத் தெரிந்த பிறகு தொடங்கினால் போதும்.

நாங்கள் கராஜ்காரர். பெற்றோல் என்றால் கழற்றிப் பார்த்துத் திருத்திவிடுவோம். பற்றறி பழுதானால்? (கல்முனை)

நானா, உங்கள் கேள்விதான் கரண்டுக்கு எதிரான மிக வலுவான கேள்வி. பிஸ்டன், ரிங், கிளச் பிளேட் இவற்றைத் தேடிப் பிடித்து மாற்ற உங்களைப் போன்ற கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பற்றறிக்குள் ஒரு செல் செத்தால், அல்லது மோட்டருக்குக் கரண்டை அளந்து விடுகிற கொன்ட்ரோலர் போனால், இப்போதைக்கு வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். என்னுடைய கொன்ட்ரோலர் ஒன்று பழுதாகி, விற்றவர்கள் பதிலே போடாமல் நான்கு மாதம் வண்டி சும்மா கிடந்தது. வாங்குமுன் உதிரிப்பாகம் யார் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பழுது வராமல் பார்ப்பது நம் கையில். நம் கரையோர உப்புக் காற்று கனெக்டர்களைத் தின்றுவிடும், கிரீஸ் பூசி மூடி வையுங்கள். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜில் போட வேண்டாம். 45 பாகைக்கு மேல் லித்தியம் பற்றறியைச் சார்ஜ் பண்ணக் கூடாது, சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். மாரியில் மாதக்கணக்கில் ஓடாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். தூங்குகிற அறையில் சார்ஜ் பண்ணவே வேண்டாம்.

பெற்றோல் ட்ரயல்ஸ் வண்டி உங்களிடம் வந்தால் ஒரு விஷயம்: டூ ஸ்ட்ரோக் ஒயிலை பழைய த்ரீவீல் கணக்கில் ஊற்றிவிடாதீர்கள். இவற்றுக்கு அதைவிடக் குறைவாகத்தான் கேட்கும், அந்தந்த வண்டியின் புத்தகத்தில் உள்ள அளவுதான் சரி.

எங்கள் பக்கம் யானை வரும். சத்தமில்லாத வண்டி நல்லதா, கெட்டதா? (வெல்லாவெளி)

கெட்டது. நீங்கள் வருவது அதற்குத் தெரியாது, அது நிற்பது உங்களுக்குத் தெரியாது, பற்றைக்குள் நேருக்கு நேர் முட்டுவீர்கள். யானை நடமாடும் இடத்தில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் நாங்கள் ஓடுவதே இல்லை, பெற்றோல் என்றாலும் சரி, கரண்ட் என்றாலும் சரி. புதிய தடமோ லத்தியோ கண்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுவோம்.

தாந்தாமலை மாதிரிப் பாறைகளில் ஓடலாமா? வீதியில் கொண்டுபோகலாமா? (திருக்கோவில்)

இரண்டுக்கும் இல்லை. கோயில் உள்ள மலையிலும் தொல்பொருள் திணைக்களத்தின் பலகை உள்ள பாறையிலும் டயர் படக்கூடாது. நம் பகுதியில் எந்தப் பாறையிலும் பழைய எழுத்தோ வெட்டுப்படியோ இருக்கலாம். சொந்தக் காணி, அல்லது சொந்தக்காரர் சம்மதித்த காணி மட்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாத, விளக்கும் இலக்கத்தகடும் இல்லாத வண்டியை வீதியில் ஓட்ட முடியாது, பிக்கப்பில் ஏற்றித்தான் போக வேண்டும்.

புதிது வாங்கக் காசு இல்லை. பழைய 125 சிசி பைக்கை மாற்றிப் பழகலாமா? (காத்தான்குடி)

தாராளமாக. வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கியது உண்மைதான், ஆனால் வரியோடு சேர்த்தால் புது ட்ரயல்ஸ் வண்டி பலருக்குக் கனவுதான். முன் ஸ்ப்ரொக்கட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) சின்னதாக்கி, பின்னதைப் பெரிதாக்குங்கள், வண்டி மெதுவாகவும் இழுவையோடும் போகும். காற்றை 12 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள், ஆனால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கிற ரிம் லொக் போடாமல் இறக்கினால் டயர் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். வண்டி நூறு கிலோவைத் தாண்டும், அதனால் பாறை ஏறப் போக வேண்டாம்.

வளவுக்குள் நான்கு செங்கல் வைத்து எட்டுப் போடுங்கள், நின்றபடி, முதல் கியரில், கிளச்சைப் பாதி பிடித்து. பிறகு செங்கற்களை ஒவ்வொரு கிழமையும் ஒரு சாண் நெருக்குங்கள். ஹாண்டில் முழுதாகத் திரும்பிய நிலையில் பத்து எட்டு கால் ஊன்றாமல் போட முடிந்த அன்று ஞாயிறு காலை எங்கள் காணிக்கு வாருங்கள், கரண்ட் வண்டியையும் பெற்றோல் வண்டியையும் ஒரே குற்றியில் ஏற்றிப் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம்.