கண்ட்ரி இசை வரலாற்றில் ஜனவரி 1: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கண்ட்ரி இசையின் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது இறந்தார் என்று படித்தேன். அது சரியா?

பதில்: சரியன்று. மேடையை நோக்கிப் போகும் வழியில், தம்முடைய காடிலாக் காரின் பின்னிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. டிசம்பர் 31 இரவு மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனிலும், மறுநாள் ஒஹாயோவின் கான்டனிலும் பாட அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அலபாமாவின் மான்ட்கோமரியிலிருந்து, கல்லூரி மாணவர் ஒருவரை ஓட்டுநராக அமர்த்திக்கொண்டு கிளம்பியவர், நேரம் போதாதென்று டென்னசியின் நாக்ஸ்வில்லில் விமானம் ஏறினார். மோசமான வானிலையால் விமானம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால் சார்ல்ஸ்டன் நிகழ்ச்சி கைவிட்டுப் போயிற்று. நாக்ஸ்வில் விடுதியில் மருத்துவர் ஒருவர் பி12 வைட்டமினுடன் மார்ஃபின் என்னும் வலிநீக்கி கலந்த ஊசி போட்ட பிறகு, அன்றிரவே கார் கான்டனை நோக்கிப் புறப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் அருகே திரும்பிப் பார்த்தபோதுதான், அவர் உடல் சில்லிட்டிருந்ததை ஓட்டுநர் உணர்ந்தார். அப்போது ஹாங்கிற்கு வயது 29.

ஜனவரி 1 என்பது உடல் கண்டெடுக்கப்பட்ட விடியற்காலையின் தேதி. முந்தைய இரவிலேயே அவர் இறந்திருக்கக்கூடும் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

கேள்வி: குடிதான் அவரைக் கொன்றது என்கிறார்களே?

பதில்: குடிக்குப் பெரும் பங்கு இருந்தது; 1952 ஆகஸ்டில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி அவரை நீக்கியதும் அதனால்தான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் உறுதியான கருத்து. பிறவியிலேயே அவருடைய முதுகெலும்பில் குறைபாடு இருந்தது. 1951 இறுதியில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வலி அவரை விடவில்லை. மருத்துவப் பட்டத்தை விலைக்கு வாங்கிய ஒருவர் எழுதிக்கொடுத்த குளோரல் ஹைட்ரேட் என்னும் தூக்கமருந்தை அவர் மதுவோடு சேர்த்து உட்கொண்டுவந்தார். வலியால் துடித்த ஓர் இளைஞர், அதே 1952 செப்டம்பரில் 'யுவர் சீட்டின் ஹார்ட்' பாடலைப் பதிவுசெய்தார் என்பதை நினைத்தபடி அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தம் மரணத்தை முன்கூட்டியே உணர்ந்து பாடினாரா?

பதில்: இல்லை. 'ஐ வில் நெவர் கெட் அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட் அலைவ்' (இந்த உலகத்தைவிட்டு நான் உயிரோடு போகவே மாட்டேன்) என்பது, எதைத் தொட்டாலும் விளங்காத ஒருவன் தன் அதிர்ஷ்டக்கேட்டைச் சொல்லிப் புலம்பும் வேடிக்கைப் பாடல். பாடலாசிரியர் ஃபிரெட் ரோஸுடன் சேர்ந்து ஹாங்க் எழுதியது. 1952இன் பிற்பகுதியில் வெளிவந்து, அவர் மறைந்த பின் கண்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்ததால்தான் அதற்குத் தீர்க்கதரிசனம் என்ற பெயர் ஏற்பட்டது.

கேள்வி: கான்டன் நிகழ்ச்சி ரத்தானதா?

பதில்: நடந்தது. மரணச் செய்தியை அறிவித்தபோது, அவர் நிகழ்ச்சிகளுக்கு வராமல் போவது வழக்கம் என்பதால் சிலர் அதைச் சாக்குப்போக்கென்று எண்ணிச் சிரித்தார்கள். சக கலைஞர்கள் அவருடைய 'ஐ சா த லைட்' பாடலைப் பாடத் தொடங்கிய பிறகுதான் அரங்கத்துக்கு உண்மை புரிந்தது.

கேள்வி: இன்னொரு கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ் சிறையில் பாடியதும் இதே நாளிலா?

பதில்: புகழ்பெற்ற ஃபோல்சம் சிறை ஒலிப்பதிவு 1968 ஜனவரி 13இல் நடந்தது. அதற்கு முன்பே, 1950களின் இறுதியில் ஒரு புத்தாண்டு நாளில், கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் அவர் பாடினார். கேட்டுக்கொண்டிருந்த கைதிகளில் ஒருவர் மெர்ல் ஹாகர்ட். 1960இல் வெளியே வந்த அவர் பின்னாளில் கண்ட்ரி இசையின் முன்னணிப் பாடகரானார்.

கேள்வி: இதே நாளில் மறைந்த வேறு கலைஞர் உண்டா?

பதில்: டெக்சாஸில் பிறந்த பாடகரும் பாடலாசிரியருமான டவுன்ஸ் வான் சாண்ட், ஹாங்க் மறைந்து சரியாக 44 ஆண்டுகள் கழித்து, 1997 ஜனவரி 1 அன்று தம் 52ஆம் வயதில் காலமானார். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சிறிது நேரத்தில் அவர் இதயம் நின்றது. தமக்கு முன்னோடியாக அவர் போற்றியவர்களுள் ஹாங்கும் ஒருவர். வான் சாண்ட் எழுதிய 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' பாடலை 1983இல் கண்ட்ரி இசைப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோன இருவரில் ஒருவர் வில்லி நெல்சன். மற்றவர், சான் குவென்டினில் கேஷைக் கேட்ட அதே மெர்ல் ஹாகர்ட்.