வலிப்பு உள்ளவர்கள் என்ன விளையாடலாம்? கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 12 வயது டாக்டர். ஃபிட்ஸ் வந்து 8 மாதம் ஆகிறது, மாத்திரை சாப்பிடுகிறான். கிரிக்கெட் ஆட விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். 1992 உலகக் கோப்பையில் பாய்ந்து இன்ஸமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு. எந்த ஆட்டமானாலும், நினைவு தப்பினால் பிள்ளை எங்கே விழுவான் என்று பாருங்கள். தண்ணீர், உயரம், வேகம் மூன்றுக்கும்தான் பயப்பட வேண்டும். கோச்சிடம் மறைக்காதீர்கள். மாத்திரை தவறினாலோ ராத்தூக்கம் கெட்டாலோ மறுநாள் ஆட்டம் வேண்டாம்.

கேள்வி: நீச்சல்? எங்கள் ஊரில் கிணற்றில்தான் பழக்குவோம்.

பதில்: கிணறு, குளம், ஆறு, கடல் எதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவர் கத்திக் கூப்பிட மாட்டார், சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடுவார். கலங்கல் தண்ணீரில் ஆள் எங்கே என்றே தெரியாது. டாக்டர் சம்மதித்தால், தரை தெளிவாகத் தெரியும் நீச்சல் குளத்தில் இறங்கலாம். விஷயம் தெரிந்த, ஆளைத் தூக்கத் தெரிந்த ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

வலிப்பு வந்துவிட்டால் பின்னாலிருந்து தலையைத் தாங்கி, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி ஆழமில்லாத பக்கம் இழுங்கள். உதறும் கைகால்களை அமுக்காதீர்கள். உதறல் நின்றதும் கரையேற்றி மூச்சைப் பாருங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நுரையீரலில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

கேள்வி: மைதானத்தில் வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மணியைப் பாருங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், ஹெல்மெட் வாரைத் தளர்த்துங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108.

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து இரும்பு கொடுத்துத்தான் நிற்கிறது. கண்ணால் பார்த்திருக்கிறோம்.

பதில்: பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். சாவி தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது. கொடுக்காமல் விட்டிருந்தாலும் நின்றிருக்கும்.

கேள்வி: கொடுத்தால் என்ன கெடுதல்?

பதில்: நாலு பேர் சாவிக்கு ஓடினால் மூச்சைக் கவனிக்க ஆளில்லை. மல்லாந்து கிடப்பவருக்கு எச்சில் புரையேறும். இறுக மூடிய விரல்களைப் பிரித்தால் காயம்தான் மிஞ்சும்.

கேள்வி: அப்படியானால் நாக்கைக் கடிக்காமல் பல்லிடுக்கில் ஸ்பூன்?

பதில்: வாயில் எதையும் வைக்காதீர்கள். பல் உடைந்து தொண்டைக்குள் போகும். தண்ணீரும் ஊற்றாதீர்கள். சாவி, ஸ்பூன், வெங்காயம் எதுவும் வேண்டாம். இதோடு இந்தப் பேச்சை விடுவோம்.

கேள்வி: ஃபுட்பால்? பாட்மின்டன்?

பதில்: முதல் பதிலேதான்.

கேள்வி: மகள் டோபிரமேட் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாள். மே மாதம் ஓட்டப் பயிற்சி.

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள். டோபிரமேட்டும், சோனிசமைடு என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் வியர்வையைக் குறைக்கும். குழந்தைகளுக்கு இது அதிகம். வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. பயிற்சியை விடிகாலைக்கு மாற்றுங்கள். முகம் சிவந்து, தோல் காய்ந்து சுட்டால் உடனே நிறுத்தி, நிழலில் ஈரத்துணியால் துடைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஊக்கமருந்து சோதனையில் மாத்திரை மாட்டுமா?

பதில்: வழக்கமான வலிப்பு மாத்திரைகள் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் சிலருக்கு வலிப்புக்குக் கொடுக்கும் அசெட்டசோலமைடு இருக்கிறது, அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. சாப்பிடுபவர் போட்டிக்கு முன்பே மருத்துவ விலக்கு வாங்க வேண்டும்.

கேள்வி: ஸ்கூபா (ஆக்சிஜன் கருவியோடு கடலுக்கடியில் நீந்துவது)?

பதில்: கூடாது.